மில் கேட்டுக்கு வெளியே நிற்கிற இடஒதுக்கீடு

இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் சென்னையில் பிறந்தது என்று ஒவ்வொரு மேதினத்துக்கும் மேடை போட்டுச் சொல்கிறார்கள். உண்மைதான். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பி.பி. வாடியா தலைவரானார். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அடிபோட்டவர்கள். திரு.வி.க. அதற்காக உழைத்தார். வெள்ளைக்காரப் பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் மில்களில் வேலை பார்த்தவர்கள்தான் அந்தச் சங்கத்தின் உடம்பும் உயிரும். இவ்வளவும் பொது அறிவுத் தேர்வில் கேள்வியாக வருமளவுக்குப் பிரசித்தம். அதே சங்கம் மூன்றே வருடத்தில் புளியந்தோப்பில் எப்படி உடைந்தது என்கிற கேள்வி மட்டும் எந்தத் தேர்விலும் வராது, எந்த மேடையிலும் வராது.

1921-ல் அந்த மில்களில் பெரிய வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் அதில் சேராமல் வேலைக்குப் போனார்கள். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருபுறம், ஆதிதிராவிடர் மறுபுறம் என்று ஆகிப்போனது. ஜூன் கடைசியில் புளியந்தோப்புச் சேரிக் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அதன் பிறகு மாதக்கணக்கில் அடிதடி, தீவைப்பு, துப்பாக்கிச் சூடு. அடி இரண்டு பக்கமும் விழுந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நீதிக்கட்சிப் பெரியவர்கள் என்ன சொன்னார்கள்? அரசாங்கம் ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறது என்றார்கள். பின்னால் எம்.சி. ராஜா அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார் என்றால் அந்தக் கசப்புக்குப் புளியந்தோப்பும் ஒரு காரணம். அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்றது. பின்னி கம்பெனி ஜெயித்தது.

தொழிற்சங்க அகராதியில் கருங்காலி என்று ஒரு சொல் உண்டு. 1921-ஐப் பற்றி நம்மிடம் பேசுகிற முற்போக்குத் தோழர்கள் ரொம்பவும் நாசூக்காக, அந்தச் சொல்லைச் சொல்லாமல், ஆனால் அது காதில் விழுகிற மாதிரிப் பேசுவார்கள். நான் அவர்களைக் கேட்பது ஒன்றுதான். ஊரில் கால்காணி நிலமோ, கைமாற்றுக் கொடுக்க ஒரு மச்சானோ உள்ளவனுக்கு நாலு மாச வேலைநிறுத்தம் என்பது கஷ்டம். இரண்டும் இல்லாதவனுக்கு அது பட்டினிச் சாவு. சங்கத்தின் கஞ்சிப் பானையில் முதல் அகப்பை யாருக்கு என்று அன்றைக்கு யாராவது யோசித்தார்களா? வேலைநிறுத்தத்தை அறிவிப்பதற்கு முன் சேரிக்குள் வந்து, ஏம்பா, நீங்க எத்தனை நாள் தாங்குவீங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். ஒற்றுமை ஒற்றுமை என்று கூப்பாடு போடுகிறவர்கள் அந்த ஒற்றுமைக்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்பதில்லை.

கணக்குப் பார்த்தவர் அம்பேத்கர். 1928-ல் பம்பாய்ப் பஞ்சாலை வேலைநிறுத்தத்தின்போது அவர் சங்கத் தலைவர்கள் முன் ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார். நெசவுப் பிரிவில் சம்பளம் அதிகம். அங்கே தீண்டத்தகாதாருக்கு வேலை கிடையாது. ஏன்? நாடாவில் தார் மாற்றும்போது நூல் நுனியை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். மகாரின் எச்சில் பட்ட நாடாவைச் சாதி இந்துத் தொழிலாளி தொடமாட்டான். முதலாளி போட்ட விதி அல்ல இது, தோழன் போட்ட விதி! இதையும் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள், இல்லையென்றால் என் மக்கள் உங்கள் வேலைநிறுத்தத்துக்கு வரமாட்டார்கள் என்றார். வேண்டாவெறுப்பாகச் சேர்த்தார்கள்.

1938 பிப்ரவரியில் மன்மாட் ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில் இன்னும் தெளிவாகப் பேசினார். தொழிலாளிக்கு எதிரி இரண்டு பேர், ஒன்று முதலாளியம், இன்னொன்று பார்ப்பனியம் என்று சொன்ன அந்தப் பேச்சை நாம் அடிக்கடி எடுத்துக் காட்டுகிறோம். அதே பேச்சில் உள்ள ஒரு சின்ன விஷயம்தான் என்னை உலுக்கியது. ரயில்வேயில் தீண்டத்தகாதவர் ஏன் கேங்மேனாகவே கிடக்கிறார், ஏன் போர்ட்டர்கூட ஆக முடியவில்லை? போர்ட்டர் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் பார்க்க வேண்டும், வீட்டுக்குள் இவனை எப்படி விடுவது? கம்பெனி சீமையிலிருந்து வந்தது, என்ஜின் சீமையிலிருந்து வந்தது, லண்டனில் பங்குச் சந்தையில் ஏறி இறங்குகிற மூலதனம். வேலைக்கு ஆள் எடுக்கிற விதி மட்டும் அக்ரகாரத்துக் கொல்லைப்புறத்திலிருந்து வந்தது. உலகமயம் வந்தால் சாதி கரைந்துபோகும் என்று 1991-லிருந்து நமக்குப் பாடம் நடத்துகிற பொருளாதாரப் புலிகள் அந்த ஒரு பத்தியைப் படித்தால் போதும்.

இந்தப் பழங்கதையெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். நமக்கு முன்னால் இப்போது ஒரு கேட்டு நிற்கிறது. மில் கேட்டு. அதைப் பற்றிப் பேசத்தான்.

நான் ஒரு பொதுத்துறை வங்கியில் எழுத்தர். இடஒதுக்கீட்டில் வந்தவன். எங்கப்பா தலைமுறைக்குத் திறந்த வாசல்கள் ரயில்வே, தபால், மின்வாரியம், தொலைபேசி, வங்கி. அந்த வாசல்களின் அகலம் எங்கள் கண்முன்னாலேயே குறைந்துகொண்டு வந்திருக்கிறது. பி.எஸ்.என்.எல்.லில் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78 ஆயிரம் பேர் விருப்ப ஓய்வில் வெளியே போனார்கள். 2017-ல் 27 ஆக இருந்த பொதுத்துறை வங்கிகள் 2020 ஏப்ரலில் 12 ஆகிவிட்டன. புது வேலை எங்கே இருக்கிறது? ஸ்ரீபெரும்புதூரில், ஒரகடத்தில், ஓசூரில், திருப்பூரில், திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள நூற்பாலைகளில். அரசியல் சட்டத்தின் 16(4) பிரிவு அந்த கேட்டு வரைக்கும்தான் வரும். உள்ளே வராது. செக்யூரிட்டி அதை வெளியே நிறுத்திவிடுவான். உள்ளே போகிற நம் பிள்ளைகளுக்குக் கையில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? சங்கம் ஒன்றுதான்.

இதை நம் இயக்கங்கள் எவ்வளவு தூரம் உணர்ந்திருக்கின்றன என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. சிலைக்கு மாலை, சான்றிதழுக்கு மனு, வன்கொடுமைக்கு ஆர்ப்பாட்டம். எல்லாம் வேண்டியதுதான். கூலி என்கிற விஷயத்தை மட்டும் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று குத்தகைக்கு விட்டுவிட்டோம். அம்பேத்கர் 1936-ல் தொடங்கிய கட்சியின் பெயர் சுதந்திரத் தொழிலாளர் கட்சி. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் கவுன்சிலில் அவர் கையிலிருந்த துறை தொழிலாளர் துறை. வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த ஆலை வேலை 48 மணியாகக் குறைந்தது அவர் கொண்டுவந்த திருத்தத்தால். சங்கத்தை முதலாளி அங்கீகரித்தே ஆக வேண்டும் என்று 1943-ல் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது 1947-ல் வேறு வடிவில் சட்டமாக நிறைவேறியது. நிறைவேறிய சட்டத்தை அமலுக்கே கொண்டுவரவில்லை! சுதந்திர இந்தியாவின் சர்க்கார்கள் ஒன்று மாற்றி ஒன்று அதை அலமாரியில் வைத்துப் பூட்டின.

அந்தப் பூட்டின் விலையை 2024-ல் சுங்குவார்சத்திரத்தில் பார்த்தோம். சாம்சங் தொழிலாளர்கள் செப்டம்பர் 9-லிருந்து 37 நாள் வெளியே உட்கார்ந்தார்கள். சம்பளம் கேட்டார்கள், ஆனால் முதன்மையாகக் கேட்டது எங்கள் சங்கத்தை ஒத்துக்கொள் என்பது. சங்கத்தின் பெயரில் கம்பெனிப் பெயர் இருக்கிறது என்பது ஒரு தகராறு. உயர்நீதிமன்றம் வரை போய் 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய இத்தனை பாடு. அதற்கு முந்தின வருடம், 2023 ஏப்ரலில், சமூகநீதி பேசுகிற சட்டமன்றத்தில்தான் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் மே 1-ல் வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். அதையும் ஒரு சாதனையாகப் பேசியவர்கள் உண்டு.

இனி திண்டுக்கல். அந்த மாவட்டத்தில் ஒரு கிளையில் கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்கிறேன். சம்பளத் தேதிக்கு அடுத்த நாட்களில் மில் வேன் வந்து நிற்கும். பதினெட்டு, இருபது வயசுப் பெண் பிள்ளைகள் இறங்குவார்கள். காதோரத்தில் பஞ்சுத் துகள் ஒட்டியிருக்கும். முன்னால் ஒரு ஆள் எல்லார் பாஸ்புக்கையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாகப் பிடித்துக்கொண்டு வருவான். பாப்பா, ஏடிஎம் கார்டு எங்கே என்று ஒரு பெண்ணைக் கேட்டேன். "சூப்பர்வைசர் அண்ணன்கிட்ட இருக்கு சார்." அவ்வளவுதான் பதில். அந்தப் பிள்ளைகள் எந்த எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று கேஒய்சி படிவத்தில் பார்த்தால் முகவரியில் காலனி, இந்திரா நகர், அம்பேத்கர் நகர். கம்ப்யூட்டருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும் அது எந்தத் தெரு என்று.

சுமங்கலித் திட்டம் என்று ஒன்று இருந்ததை மாணவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய், கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம். வரதட்சணை என்கிற சாதி இந்துச் சனியனைச் சேரிக்குள் கொண்டுவந்து, அதையே தூண்டிலாக்கி, நம் பெண்களைப் பஞ்சுக்குள் இழுத்தார்கள். இடையில் உடம்பு முடியாமல் போனால் மொத்தப் பணமும் போச்சு. கண்டனம் கிளம்பியதும் பெயரை மாற்றினார்கள். கேம்ப் கூலி என்பது மாறவில்லை. பத்திருபது வருஷமாக ஒரிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். அவர்களிலும் ஆதிவாசிகளும் தலித்துகளும் நிறைய. ஒரு மாநிலத்துச் சாதிச் சான்றிதழ் இன்னொரு மாநிலத்துச் சலுகைக்குச் செல்லாது என்பது 1990-லேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்ட விஷயம். அதாவது, அந்தப் பெண் இங்கே சாதியால் வரும் இழிவுக்கு முழு உரிமை உள்ளவள். இடஒதுக்கீட்டுக்கு உரிமை இல்லாதவள்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் இருபது வயது நிரம்பிய ஒரு தலித் பெண் கொலை செய்யப்பட்டார். நாச்சி அப்பேரல் என்கிற ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்தவர். அது ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் ஆலை. எச் அண்ட் எம் போன்ற உலகக் கம்பெனிகளுக்கு அங்கே துணி தைக்கப்பட்டது. மாதக்கணக்காக அவருக்குத் தொல்லை கொடுத்துவந்ததாக அவருடைய சூப்பர்வைசர் மீது புகார். அந்த ஆளே கைதானான். ஆதிக்க சாதிக்காரன். அதன் பிறகு அங்கே வேலை பார்த்த பெண்கள் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். கெட்ட வார்த்தை, கை வைப்பது, டார்கெட் முடியவில்லை என்றால் சாதியைச் சொல்லித் திட்டுவது. கேட்கக் கேட்க, ஒரு கொலைகாரன் செய்த தனிக் குற்றமாக அதைச் சுருக்க முடியாது என்று தெரிந்தது. அந்த லைன் ஓடுகிற விதமே அப்படி.

இங்கே ஆடிட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட ஆலைகளை பையர் ஆள் வைத்துச் சோதிக்கிறான். சோதனைக்கு வருகிற அன்று கக்கூஸில் சோப்பு இருக்கும், கேன்டீனில் முட்டை இருக்கும், பெண்கள் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே ஒப்பித்துக் கேட்டிருப்பார்கள். இது இங்கே மட்டும் நடக்கிற கூத்து என்று நினைக்காதீர்கள். கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்கிற துணி ஆலைக்கு 2012 ஆகஸ்டில் எல்லாம் பிரமாதம் என்று சர்வதேசச் சான்றிதழ் கிடைத்தது. செப்டம்பர் 11-ல் அது தீப்பிடித்து 250 பேருக்கு மேல் கருகிச் செத்தார்கள். ஜன்னலில் கம்பி, கதவில் பூட்டு. அடுத்த வருடம் ஏப்ரல் 24-ல் டாக்காவில் ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் போனார்கள். அதற்குப் பிறகுதான் வங்கதேசத்துச் சங்கங்களும் உலகச் சங்கங்களும் சேர்ந்து கம்பெனிகளைச் சட்டப்படிக் கட்டுப்படுத்துகிற ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கின. சான்றிதழ் கொடுக்கிறவனுக்குச் சம்பளம் முதலாளி கொடுக்கிறான் என்றால் அந்தச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கும்?

திண்டுக்கல்லில் அந்தப் பெண் உறுப்பினராக இருந்த சங்கம் சின்னது. தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், சுருக்கமாக டிடிசியு. பெண்கள் தலைமையில் நடப்பது, அதிலும் தலித் பெண்கள் முன்னணியில் நிற்பது. பெரிய மத்தியச் சங்கங்களின் கொடிமரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் இதன் கொடி கைக்குட்டை மாதிரி இருக்கும். இவர்கள் என்ன செய்தார்கள்? கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்ததோடு வீட்டுக்குப் போகவில்லை. சட்டை கடைசியில் யார் கடையில் தொங்குகிறதோ அவனைப் பிடித்தார்கள். ஆசியத் தளக்கூலிக் கூட்டணி, அமெரிக்காவிலிருந்து இயங்கும் ஒரு தொழிலாளர் நீதி அமைப்பு இரண்டையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேனும் எச் அண்ட் எம்மும் கையெழுத்துப் போட்டன. பிறகு கேப், பிவிஹெச் கம்பெனிகளும் வந்தன. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று உலகம் முழுக்க அதற்குப் பெயர். தென் ஆப்பிரிக்காவை ஒட்டியுள்ள லெசோத்தோவில் 2019-ல் பெண் தொழிலாளர் மீதான பாலியல் கொடுமைக்கு எதிராக இப்படி ஓர் ஒப்பந்தம் வந்தது. ஆசியாவில் இதுதான் முதல்.

ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்பதைத்தான் நம் ஆட்கள் படிக்க வேண்டும். வேலைத்தளத்திலேயே சங்கம் தேர்ந்தெடுத்த பெண்கள் கண்காணிப்பாளர்கள். தவறு நடந்தால் அங்கேயே எழுதிப் புகார் செய்ய அவர்களுக்கு அதிகாரம். புகார் செய்தவளை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பையர் ஆர்டரில் கை வைத்தாக வேண்டும். இந்தக் கடைசி வரிதான் நரம்பு. முதலாளிக்குத் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் பயமில்லை, கோர்ட்டுக்குப் பயமில்லை, ஆர்டருக்குப் பயம் உண்டு. 5,000 பேருக்கு மேல் வேலை பார்த்த அந்த வளாகத்தில் முதல் வருடம் 185 புகார் எழுந்ததாகவும் 182 தீர்ந்ததாகவும் ஒப்பந்தத் தரப்பு 2023-ல் அறிக்கை வெளியிட்டது. அந்தத் தரப்பே கொடுத்த கணக்கு என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஆனாலும் 185 பேர் வாய் திறந்திருக்கிறார்கள். புகாரே வரவில்லை என்று எழுதுகிற மற்ற மில்களின் அறிக்கையை விட எனக்கு இதில் நம்பிக்கை அதிகம்.

இன்னொன்று. பாலினம், சாதி, புலம்பெயர்வு ஆகியவற்றால் வரும் பாகுபாட்டை ஒழிப்பது என்று அந்த ஒப்பந்தம் பேசுகிறது. சாதி! 2001-ல் டர்பனில் ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாடு நடந்தபோது சாதி என்ற சொல் அதன் ஆவணத்தில் ஏறிவிடக் கூடாது என்று இந்திய சர்க்கார் எப்படி மல்லுக்கட்டியது என்பது நினைவிருக்கிறதா? அது எங்கள் வீட்டு விவகாரம் என்றார்கள். இருபத்தோரு வருஷம் கழித்து, ராஜதந்திரிகளால் முடியாததை, தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்த பெண்கள் ஒரு சுவீடன் கம்பெனியின் வியாபாரக் காகிதத்தில் ஏற்றிவிட்டார்கள்.

வேடிக்கையைப் பாருங்கள். 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பு என்று காரணம் காட்டி, நாச்சி அப்பேரல் சரக்கைத் துறைமுகத்தில் நிறுத்த உத்தரவு போட்டது. ஒப்பந்தம் நடைமுறையில் இருப்பதைச் சங்கம் காட்டிய பிறகு செப்டம்பரில் தடை விலகியது. நமது தொழிலாளர் துறை ஆய்வாளர் பல வருஷம் போய் வந்த மில் அது. அமெரிக்கா என்ன தர்மவான் என்று யாரும் கேட்க வேண்டாம், அது தர்மவான் இல்லை. தன் சந்தையைக் காப்பாற்ற ஒரு சட்டம் வைத்திருக்கிறான், அதன் இடுக்கில் நம் பெண்கள் கையை விட்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் என்ஜிஓ அரசியல், வெளிநாட்டுப் பணம், வர்க்கப் போராட்டத்தை மழுங்கடிக்கிற வேலை என்று சில தோழர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மூலதனம் வெளிநாட்டிலிருந்து வரலாம், ஆர்டர் வரலாம், மிஷின் வரலாம், தொழிலாளிக்குத் துணை மட்டும் வரக் கூடாதா? அவர்களுடைய கேள்வியில் ஒரு பாதி நியாயம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. பையர் இருக்கிற வரைக்கும்தான் ஒப்பந்தம். அவன் போய்விட்டால்? 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் இதே உலகக் கம்பெனிகள் தைத்து முடித்த சரக்கையே வேண்டாம் என்றன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்கின் மீது வரியை 50 சதமாக்கியபோது திருப்பூர் எப்படிக் கலங்கியது என்று பார்த்தோம். ஏற்றுமதியாளர் சங்கம் டெல்லிக்குப் போய் நிவாரணம் கேட்டது. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகச் சுருங்கிய செக்கிங் பெண்ணுக்கு எந்த டெல்லி? ஆகவே ஒரு ஆலையில் ஒரு பையரைப் பிடிப்பது போதாது. வட்டாரம் முழுவதும், எல்லாப் பையரையும் பிடிக்க வேண்டியிருக்கும். அதற்குச் சின்னச் சங்கத்தின் சாமர்த்தியமும் வேண்டும், பெரிய சங்கத்தின் ஆள்பலமும் வேண்டும். பெரிய சங்கம் வருமா?

வரும் என்று சட்டென்று சொல்ல என் வாய் வரவில்லை. காரணம் என் சொந்த அனுபவம். எங்கள் கிளையைக் காலையில் கூட்டித் துடைக்கிற அக்கா கவுண்டரில் ஆள் இருந்தால் என்னை சார் என்பார், இல்லாதபோது தம்பி என்பார். நாங்கள் இருவரும் ஒரே மாதிரித் தெருவிலிருந்து வந்தவர்கள் என்பது சொல்லாமலே தெரிந்த விஷயம். முன்பெல்லாம் வங்கிகளில் பகுதிநேரத் துப்புரவுப் பணியாளர் என்று ஒரு வகை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கு, பாதி, முக்கால் என்று சம்பளம். மனுஷியை அரை, முக்கால் என்று படியால் அளந்தார்கள். ஆனாலும் அவர்கள் இருதரப்பு ஒப்பந்தத்துக்குள் இருந்தார்கள், ஒரு நாள் பியூனாகும் வழி இருந்தது. இந்த அக்கா ஏஜென்சி ஆள். மாதம் முடிந்தால் ஏஜென்சிக்காரன் பிடித்தது போகக் கொடுப்பான்.

"ஒங்க சங்கத்துல என்னயச் சேத்துக்குவாங்களா தம்பி?" என்று ஒருநாள் கேட்டார். மாவட்டக் கூட்டத்தில் எழுந்து இதைப் பேசினேன். செயலாளர் நல்ல மனிதர், சிறைக்குப் போனவர், பேச ஆரம்பித்தால் வியட்நாமிலிருந்து ஆரம்பிப்பார். "தோழர், அவங்க ஏஜென்சி ஆளு. நம்ம மெம்பரே இல்லியே, நாம எப்படிப் பேச முடியும்?" என்றார். இதே ஏஜென்சி முறை நாளைக்குக் கவுண்டருக்கும் வருமே என்றேன். அது வரும்போது பார்க்கலாம் என்றார்கள். கூட்டுகிறவர்கள் எல்லாம் ஒரே சாதியாக இருப்பதைச் சங்கம் ஏன் பேசக் கூடாது என்று கேட்டதற்கு, "சாதியக் கொண்டாராதீங்க தோழர்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். நானா கொண்டுவந்தேன்? அது துடைப்பத்தோடு தினமும் காலை ஏழரைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. 2024 மார்ச் 8-ல் எங்களுக்குப் பன்னிரண்டாவது இருதரப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. 17 சத உயர்வு, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் ஏஜென்சி அக்காவுக்கு ஒரு வரி இல்லை.

எஸ்.சி./எஸ்.டி. ஊழியர் நலச் சங்கங்கள் இருக்கின்றனவே என்பீர்கள். ரோஸ்டர், பதவி உயர்வு, இடமாற்றம், ஏப்ரல் 14. இவற்றுக்கு மேல் அவையும் ஒரு அடி வைக்கவில்லை. துப்புரவு ஒப்பந்தத்துக்குப் போனபோது, செக்யூரிட்டி போனபோது, அது பணிச்சூழல் பிரச்சினை, நலச் சங்கத்தின் வேலையல்ல என்றார்கள். நம் உறவுக்காரர்கள்தான் அந்த வேலையில் இருந்தவர்கள்.

2025 நவம்பர் 21-லிருந்து நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. முன்பு 100 பேர் வேலை பார்க்கிற ஆலையை மூட அரசு அனுமதி வேண்டும், இப்போது 300 பேர் வரை வேண்டாம். எந்தத் தொழிலிலும் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம். சங்கத்துக்கு அங்கீகாரம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள், தனியாகப் பேசும் உரிமைக்கு 51 சதம் தொழிலாளர் ஆதரவு வேண்டும். நிரந்தரம், காண்ட்ராக்ட், கேம்ப், வடநாட்டுப் பிள்ளைகள் என்று நாலாகக் கிடக்கிற ஆலையில் 51 என்பது எங்கிருந்து வரும்? கீழ்வரிசையில் இருப்பவர்களை விட்டுவிட்டு எண்ணினால் அந்தக் கணக்கு எக்காலத்திலும் வராது. புளியந்தோப்பில் வராத அதே கணக்கு. மத்தியச் சங்கங்கள் நம் வாசலுக்கு வந்தாக வேண்டிய நேரம் இது. வரும்போது என்ன கேட்பது என்பதை நாம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். 1928-ல் கேட்ட மாதிரி.

அதற்குள் மாணவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. உங்கள் தெருவிலிருந்து எந்த மில்லுக்கு வேன் போகிறது, அந்த மில்லில் யாருக்குத் துணி தைக்கிறார்கள் என்று எழுதி வையுங்கள். நிர்வாகத்தைக் கேட்க வேண்டாம், பேக்கிங்கில் இருக்கிற அக்காவைக் கேளுங்கள், அவருக்கு எல்லா பிராண்டு பெயரும் தெரியும். எச் அண்ட் எம் மாதிரிக் கம்பெனிகள் தங்களுக்குச் சப்ளை செய்யும் ஆலைகளின் பட்டியலைத் தாங்களே வெளியிடுகின்றன, அதோடு ஒத்துப் பாருங்கள். அமெரிக்காவுக்குப் போகிற துணியின் லேபிளில் பல சமயம் ஆர்.என். என்று போட்டு ஒரு எண் இருக்கும். அது அந்த நாட்டுக் கம்பெனிக்கு அந்த நாட்டு அரசு கொடுத்த பதிவு எண், இறக்குமதி செய்கிறவன் யார் என்று அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். நூற்பாலை என்றால் கொஞ்சம் கஷ்டம், நூல் எந்த பனியன் கம்பெனிக்குப் போகிறது என்று லாரி டிரைவரிடம் விசாரிக்க வேண்டியிருக்கும். வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், பல்லடம், அவிநாசி, இராஜபாளையம் பக்கத்து மாணவர்கள் இதழ் முகவரிக்கு எழுதுங்கள். நான் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறேன். இதுவரை பதினோரு லேபிள் ஒட்டியிருக்கிறது.